அக்கா கையில் சிவந்த தாள்

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யணும். கொம்பன்காடு விலக்கு வந்தா என்னையத் தட்டிச் சொல்லிருங்க. தூங்கமாட்டேன். ஆனா வாயைத் தொறந்தா எனக்கு ரோடு தெரியாது. போன மாசம் இப்படித்தான் ஒரு வாத்தியார்கிட்டப் பேசிக்கிட்டே போயி வள்ளியூர்ல இறங்கினேன். அதுக்கு முந்தின தடவை நாகர்கோவில். அங்க இறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் பேசாம வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

விலக்குல இறங்கி அரை மைல் நடந்தா எங்க அக்கா சொர்ணக்கனி வீடு. இன்னைக்கு அவ புதுசாக் கொடிக்கால் போடுதா. வெத்தலைக் கொடிக்கால். பத்தரைக்கு மேல பதினொன்னரைக்குள்ள முதல் கொடி மண்ணுல இறங்கணும். அதை நான் வைக்கணுமாம். நான்! தொட்டியில வச்ச துளசியே எங்க வீட்டுல ஒரு வாரம் தாங்காது. "என் கை வேண்டாம்டே, நீ வந்து வச்சுக் குடு"ன்னு போன்ல சொல்லிட்டா.

அஞ்சு வருஷத்துக்கு முந்தி வந்திருக்கணும் நீங்க. அந்த வட்டாரத்துல எவன் கொடிக்கால் போட்டாலும் முதல் கொடியை எங்க அக்காதான் வைக்கணும். வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போவாவ. சேலை எடுத்துக் குடுப்பாவ. அவ கை வச்சா, கொடி படர நட்ட அகத்தி மரம் உயரத்துக்குக் கொடி ஏறும், இலை உள்ளங்கை அகலத்துக்கு விழும். கைராசின்னா அப்படி ஒரு கைராசி. அதைக் கெடுத்தது யாருங்கீங்க? இந்தா உங்க பக்கத்துல உக்காந்திருக்கானே, இந்த சுயம்புலிங்கம். இன்னைக்கு அதை அவகிட்டச் சொல்லிரணும். சொல்லிட்டு, கொடியை அவ கையில குடுத்து, நீயே வையின்னு சொல்லணும். இவ்வளவுதான் வேலை. இந்த ஒரு வேலைக்கு அஞ்சு வருஷமா டிக்கெட் எடுத்துக்கிட்டு இருக்கேன்.

இப்ப மணி என்ன? பத்தாகப் போகுது. நேரம் கிடக்கு.

நான் என்ன உத்தியோகம் பாத்தேன்னு கேளுங்க. ராக்கெட் விட்டேன். சிரிக்காதீங்க. சரி, ராக்கெட் விடல, பலூன் விட்டேன். அப்பம் நானும் அக்கா ஊர்லதான் இருந்தேன். எங்க ஊர்க் கடக்கரையில ஒரு கம்பெனி வந்துச்சு. பேரு எதுக்கு, இப்பம் மூடிட்டுப் போயிட்டான். ராக்கெட் என்ஜினைக் கொண்டாந்து இரும்புத் தூண்ல கட்டிப் போட்டுக் கொளுத்துவான். அது பறக்காது. நின்ன எடத்துலயே நின்னு ஒரு நிமிஷம் கத்தும், வெள்ளை வெளேர்னு புகையைக் கக்கும். அந்தப் புகை சும்மா புகை இல்ல. அதுல கக்கூஸ் கழுவுத ஆசிட்டு இருக்குல்லா, அதே சரக்கு ஆவியாக் கலந்திருக்கு. கடக்கரை ஈரக் காத்துல பட்டுச்சுன்னா பொடிப்பொடித் துளியா மாறிரும். மேல போயி நல்லாக் கலைஞ்சிட்டா ஒண்ணும் செய்யாது. கலையாம கீழ நின்னுட்டா, மூக்கு எரியும், கண்ணு எரியும், செடி கருகும்.

அப்பம் அந்தப் புகை எந்தப் பக்கம் போகும், எவ்வளவு உயரம் போகும், எங்க கலையும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் என் பலூன். காலையில காத்தடைச்சு, அடியில ஒரு சின்னப் பெட்டியக் கட்டி விட்டேன்னா, அது மேல போகப் போக அங்க எவ்வளவு சூடு, எப்படிக் காத்துன்னு கீழ சொல்லிக்கிட்டே இருக்கும். அதைப் பாத்துக் கணக்குப் போடுதது யமுனா மேடம். விஞ்ஞானி. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கது நான். ஆனா ஊர்ல நான் சொன்னது வேற. "இன்னைக்கு என்ஜினுக்குத் தீ வைக்கலாமா வேண்டாமான்னு நான் சொன்னாத்தான் வைப்பான்"னு டீக்கடையில உக்காந்து அளந்து விடுவேன். வேட்டியை விட்டுட்டு பேன்ட் போட்டாச்சுல்லா, பேச்சும் மாறிப் போச்சு. பயலுவ எனக்கு காத்து ஆபீசர்னு பேரு வச்சானுவ. கேலி பண்ணுதானுவன்னு எனக்கு ஒரு வருஷம் தெரியாது.

பலூன் போக இன்னொரு வேலை. சுத்தி அஞ்சு ஊர்ல அஞ்சு கம்பம் நட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு நீலத்தாள் கட்டணும். பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்களே, லிட்மஸ் தாள். ஆசிட் பட்டா செவந்துரும். என்ஜினைக் கொளுத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் மோட்டார் சைக்கிள்ல போயி அஞ்சையும் அவுத்துட்டு வரணும். நீலமா இருந்தா நல்லது. செவந்திருந்தா போன் போடணும், ஊரை வீட்டுக்குள்ள போகச் சொல்லணும்.

ஒரு நாள் செவந்துச்சு அண்ணாச்சி. அஞ்சும் செவந்துச்சு!

போட்டேன் பாருங்க போனை. "மேடம், அஞ்சு ஊரும் போச்சு மேடம்!" சைரன் ஊதியாச்சு. மாட்டையெல்லாம் உள்ள கட்டு, ஜன்னலைச் சாத்து, ஈரத்துணியை மூக்குல கட்டுன்னு நானே மைக்கைப் பிடிச்சுக் கத்தினேன். என் குரலை மைக்குல கேக்க எனக்கே நல்லா இருந்துச்சு. அன்னைக்குப் பாத்து ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் பாதியில நிக்குது. மாப்பிள்ளையத் தூக்கி ஆதிலிங்கம் மாமா மாட்டுத் தொழுவத்துல போட்டுக் கதவைச் சாத்திட்டாவ. ரெண்டு மணி நேரம் பட்டு வேட்டியோட எருமைக்குப் பக்கத்துல நின்னான். முகூர்த்தம் போயே போச்சு.

யமுனா மேடம் ஜீப்புல வந்தாவ. இடுக்கியால புதுத் தாளை எடுத்து அஞ்சு கம்பத்துலயும் கட்டிப் பாத்தாவ. அஞ்சும் நீலம். அப்புறம் நான் குடுத்த சிவப்புத் தாளை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. "சுயம்பு, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

எலுமிச்சம் சாதம். அக்கா கட்டிக் குடுத்தது. தாளை அவுக்கப் போற வழியில புளியமரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டு, கையை பேன்ட்ல துடைச்சுட்டுப் போயி அஞ்சு தாளையும் வேர்வைக் கையால அவுத்திருக்கேன்.

மேடம் திட்டல. திட்டியிருந்தாப் பரவால்ல. பொறுமையாப் பாடம் எடுத்தாவ. "இங்க பாருங்க சுயம்பு, இது உங்க கட்டைவிரல் தடம். கை பட்டா இப்படி ஓரத்துல தடமா விழும். ஆசிட் துளி விழுந்தா புள்ளி புள்ளியா இருக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. மறக்காதீங்க"ன்னாவ. மறக்கல அண்ணாச்சி. அதை மட்டும் மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

கம்பெனியில எழுதிக் குடுத்துட்டான். இன்னொரு தடவை தப்பா ஊரைக் கலைச்சா வேலை இல்லை. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. ஊர்ல காத்து ஆபீசர் போயி எலுமிச்சம்பழம்னு ஆயிட்டு. சின்னப் பிள்ளையெல்லாம், "எலுமிச்சம்பழம் மாமா, இன்னைக்கு மாட்டைக் கட்டவா?"ன்னு கேக்குது.

எங்க அக்கா என்ன செஞ்சா தெரியுமா? என் வேலை போகக்கூடாதுன்னு விரதம் பிடிச்சா. பதினாறு வெள்ளிக்கிழமை. அந்த விரதத்துல புளிப்பே ஆகாது. வெள்ளிக்கிழமையானா புளி, மோர், எலுமிச்சை ஒண்ணையும் கையால தொடமாட்டா, வாயிலயும் போடமாட்டா. நான் கிண்டல் பண்ணுவேன், "ஏக்கா, உங்க அம்மனுக்கு எங்க மேனேஜர் போன் நம்பர் தெரியுமா?"ன்னு. சிரிச்சுக்கிடுவா. வெள்ளந்தி அண்ணாச்சி எங்க அக்கா. அத்தான் போனதுக்கப்புறம் அந்தக் கொடிக்காலை ஒத்தப் பொம்பளையா நின்னு வளத்தா. ஆனா சூது வாது தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிருவா.

எங்க விட்டேன்? ஆங். விரதம் ஒரு பக்கம் போய்க்கிட்டு இருக்கு, எனக்கு வாய் சும்மா இருக்கல. எலுமிச்சம்பழம்னு பேரு வாங்கினவன் அடங்கி இருக்கணுமா வேண்டாமா? நான் ஒரு நீலத்தாளைக் கொண்டு போயி அக்கா கொடிக்கால்ல அகத்தியில கட்டிவிட்டேன். கணக்குல இல்லாத ஆறாவது தாள். கொடிக்காலுக்குள்ள செருப்பு ஆகாதுல்லா, வெளிய கழத்திப் போட்டுட்டு பயபக்தியோட உள்ள போயித்தான் கட்டினேன். "பயப்படாத அக்கா, இது செவந்தா எங்கிட்ட ஓடி வா, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன். பெரிய இவன் மாதிரி.

தை மாசம் கடைசி வெள்ளி, இன்னொரு என்ஜின். காலையில ஏழு மணிக்குக் கொளுத்தப் போறான். நல்ல பனி. நான் பலூனை விட்டேன். மேடம் முகத்தைச் சுளிச்சாவ. மேல போகப் போகக் காத்து குளுரணும்லா, அன்னைக்கு நேர்மாறு. கீழ குளிர்ச்சி, கொஞ்சம் மேல சூடு. அப்படி இருந்தா புகை மேல ஏறாது. இட்லிச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி அந்த உயரத்துல முட்டிக்கிட்டு நிக்கும், பக்கவாட்டுல பரவும். "ஆனா தரைக்காத்து கடலைப் பாத்துத்தான் அடிக்குது, புகை கடலுக்குள்ள போயிரும்"ன்னு மேனேஜர் சொன்னார். மேடம் வேண்டாம்னுதான் சொன்னாவ. மேனேஜருக்கு மெட்ராஸ்ல இருந்து போன் மேல போன். கொளுத்திட்டாவ.

புகை கடலுக்குத்தான் போச்சு. நான் கண்ணால பாத்தேன். வெள்ளைப் போர்வை மாதிரி கடல் மேல படுத்துக் கிடந்துச்சு. ஒன்பது மணிக்கு நான் போயி அஞ்சு தாளையும் அவுத்தேன். இடுக்கியாலதான்! அஞ்சும் நீலம். நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, நிம்மதியா டீக்கடைக்குப் போனேன்.

பத்தரை மணிக்குக் கடல்காத்து திரும்பிச்சு. நம்ம ஊர்ல தினமும் நடக்கதுதானே? காலையில கரையில இருந்து கடலுக்கு அடிக்கும், வெயில் ஏறினா கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும். கொளுத்தினவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அதுக்குள்ள புகை கலைஞ்சு போயிரும்னு நினைச்சுட்டான். மூடிக்குள்ள கிடந்த புகை எப்படிக் கலையும்? போனது அப்படியே திரும்பி வந்துச்சு. வெள்ளையாக்கூட இல்ல, பனியோட பனியா. கம்பத்துல தாளே இல்ல, நான்தான் அவுத்துட்டேனே. ஆறாவது தாள் மட்டும் அக்கா கொடிக்கால்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

என்ன அண்ணாச்சி, தொடையில தட்டுதீங்க? கதை சுவாரசியமா இருக்கா? இருங்க, இனிமேத்தான் இருக்கு. இந்தக் கண்டக்டர் வேற அங்க நின்னு என்னமோ கத்துதான். அவனுக்கு அதானே வேலை, கத்தட்டும்.

அன்னைக்கு மத்தியானம் நான் டீக்கடையில உக்காந்திருக்கேன். ஆதிலிங்கம் மாமா, இன்னும் பத்துப் பேரு. அக்கா வேகு வேகுன்னு வாரா. கையில ஒரு வெத்தலை. அதுக்குள்ள மடிச்சு அந்தத் தாள். "ஏல சுயம்பு, செவந்திருக்குடே"ன்னா.

விரிச்சுப் பாத்தேன். தாள் செவந்துதான் இருக்கு. புள்ளி புள்ளியா.

அம்மைத் தழும்பு மாதிரி. பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தக் கடையில அது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஆனா மனசுல என்ன ஓடுது? இன்னொரு தடவை ஊரைக் கலைச்சா வேலை போயிரும். இன்னொரு தடவை எலுமிச்சம்பழம்னு சிரிப்பானுவ. மேடத்துக்கு ஒரு போன் போட்டிருந்தா வந்து பாத்திருப்பாவ. நல்ல தண்ணிய அடிச்சு இலையக் கழுவச் சொல்லியிருப்பாவ, பாதிக் கொடியாவது பிழைச்சிருக்கும். போன் என் சட்டைப்பையில இருந்துச்சு. நான் எடுக்கல. நான் என்ன செஞ்சேன்? சிரிச்சேன்!

"ஏ அக்கா, இது புகை இல்ல, உன் கை! புளி கரைச்ச கையோட தொட்டியா?"ன்னு சத்தமாக் கேட்டேன்.

அவ என்னையப் பாத்தா. அப்புறம், "ஆமாடே, கரைச்சேன்"ன்னா.

கடையே சிரிச்சுச்சு. "தம்பிக்கு எலுமிச்சை, அக்காவுக்குப் புளி"ன்னு ஆதிலிங்கம் மாமா சொல்ல, நானும் சேந்துக்கிட்டுச் சிரிச்சேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. தாளை நான் பையில போட்டுக்கிட்டேன்.

ரெண்டு நாள்ல இலையெல்லாம் பீடியால சுட்ட மாதிரி பொட்டுப் பொட்டாக் கருகிச்சு. ஓரத்துல இருந்த நாலஞ்சு கொடிக்கால்ல கொஞ்சம் கொஞ்சம். அக்கா கொடிக்கால்ல முச்சூடும். கடலைப் பாத்து இருந்தது அதுதானே. விவசாய ஆபீசுல இருந்து வந்து கம்பெனி நோட்டைப் பாத்தாவ. அஞ்சும் நீலம், கீழ சுயம்புலிங்கம்னு கையெழுத்து. அப்பம் இது இலைப்புள்ளி நோய்னு எழுதிட்டுப் போயிட்டாவ. யமுனா மேடம் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "வேற எங்கயாவது தாள் கட்டியிருந்தீங்களா?"ன்னு கேட்டாவ. இல்ல மேடம்னுட்டேன். என் முகத்தையே பாத்துட்டுப் போயிட்டாவ. அடுத்த மாசம் வேலையை விட்டுட்டாவ.

ஊர் சும்மா இருக்குமா? "காகிதமே அவ கை பட்டுச் செவந்து போச்சாம், கொடி என்னத்துக்கு ஆகும்?" இப்படி ஒருத்தன் ஆரம்பிச்சான். நான் சிரிப்புக்குச் சொன்னதை அவனுவ நெசம்னு எடுத்துக்கிட்டானுவ. அடுத்த தையில ஆதிலிங்கம் மாமா கொடிக்கால் போட்டாரு. முதல் கொடி வைக்க அவரு மருமகளைக் கூப்பிட்டாரு. எங்க அக்கா குளிச்சு, தலையை முடிஞ்சு, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா, கூப்பிட வருவாவன்னு. யாரும் வரல. அதுக்கப்புறம் ஒருத்தரும் அவளைக் கூப்பிடல. அவளும் ஒரு கொடி நடல. அஞ்சு வருஷம், அண்ணாச்சி. கல்யாண வீட்டுல வெத்தலைத் தட்டை நீட்டினாக்கூட கையைப் பின்னால கட்டிக்கிடுவா.

எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலியே? பதினோரு மாசத்துல கம்பெனியை மூடிட்டான். அந்தப் பதினோரு மாசச் சம்பளத்துக்குத்தான் எங்க அக்கா கையை வித்தேன். இப்பம் டவுன்ல ஒரு மண்டபத்துல வாட்ச்மேன். பலூன் இன்னும் பாக்கேன், பிறந்தநாள் விழாவுல.

இந்தாங்க, பாக்கீங்களா? அதே தாள்தான். பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன். கலர் வெளுத்துப் போச்சு, ஆனா புள்ளி தெரியுதுல்லா? ஒவ்வொரு தடவையும் இதை எடுத்துக்கிட்டுத்தான் பஸ் ஏறுதேன். உங்களை மாதிரி யாராவது கிடைச்சாச் சொல்லுதேன். எல்லாரும், சொல்லிருங்க, அக்காதானே, மன்னிச்சிருவாங்கன்னு சொல்லுதாவ. எனக்கும் தெரியும், மன்னிச்சிருவா. அதுதானே பயமா இருக்கு.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஹலோ… ஆ, அக்கா… பஸ்ஸுலதான் இருக்கேன்… இந்தா, விலக்கு வரப் போகுது… என்ன அண்ணாச்சி? விலக்கு தாண்டியாச்சா? எப்பம்?… அக்கா, ஒரு நிமிஷம். அண்ணாச்சி, நீங்க தட்டினது எனக்குத் தெரியும். கண்டக்டர் கத்தினதும் காதுல விழுந்துச்சு. விழாமலா இருக்கும்? நீங்க கோவிக்காதீங்க… அக்கா, விலக்கு தாண்டிப் போயிட்டேன்… மணி பதினொன்னு ஆகப் போகுதா?… இல்லக்கா, எனக்காகக் காத்திருக்காத. நீயே வையி… உன் கையாலதான் சொல்லுதேன்… அதெல்லாம் இல்ல… அக்கா, நான் சொல்லுததைக் கேளேன். கேளுன்னா! அன்னைக்கு அந்தத் தாளு செவந்தது உன் கையால இல்ல. புகைதான். புள்ளி புள்ளியா இருந்துச்சு. எனக்கு அப்பமே தெரியும். வேலை போயிரும்னு உன் மேல தூக்கிப் போட்டுட்டேன். நீ பாவம், புளி கரைச்ச கையின்னு நம்பி…

ம்.

ம்…

சரி.

வாரேன். வச்சிருதேன்.

அண்ணாச்சி, எந்திரிங்க, வழி விடுங்க. நிப்பாட்டச் சொல்லுங்க அந்தக் கண்டக்டர்கிட்ட. எங்கயா? எங்கயாவது நிப்பாட்டட்டும், ரோட்டுலயே இறங்கிக்கிடுதேன், ஓடியாவது போயிருதேன். கொடியை ஈரத்துணியில சுத்தி வச்சிருக்காளாம். "நேரம் போனாப் போகட்டும், நீ வந்து பக்கத்துல நில்லு, நானே வைக்கேன்"ங்கா.

என்ன சொன்னாளா? திட்டல. அழல. வெள்ளந்தின்னு சொன்னேன்லா உங்ககிட்ட. "தெரியும்டே. நீயா எப்பம் சொல்லுவேன்னுதான் இருந்தேன்"ன்னா.

"அன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லாடே. நான் புளியத் தொடுவேனா?"ன்னு கேக்கா.